லேசர் புரொஜெக்டர்: வீழ்த்துதா, வீசுதா?

மதுரை திருப்பாலையில மாமா வீட்டு மாடி ரூமை ஹோம் தியேட்டர் ஆக்குற வேலை ரெண்டு மாசமா ஓடுது, லட்சக்கணக்குல காசு போற விஷயம்ங்கறதால எந்த லேசர் புரொஜெக்டர் எடுக்கலாம்னு நானும் அவரும் கடை கடையா அலைஞ்சோம். அப்ப ஒரு நாள் மாமா சும்மா இருக்காம, "மாப்ள, இதுக்குத் தமிழ்ல என்னடா பேரு?"ன்னு கேட்டாரு. கூட வந்த பெரியப்பா அந்தக் காலத்துல தியேட்டர் ஆபரேட்டரு, ரெண்டு கார்பன் குச்சியும் எரிஞ்சு குறையக் குறைய கிட்ட தள்ளித் தள்ளி வெளிச்சத்தைக் காப்பாத்துனவரு. அவரு, "மெஷின்தான், வேறென்ன"ன்னு முடிச்சுட்டாரு. எனக்குத்தான் முடியல.

புரொஜெக்டர்ங்கறது லத்தீன்ல இருந்து வந்தது. புரோன்னா முன்னால, யாகெரேன்னா எறியிறது, ஆக முன்னால எறியிற சாமான். கூத்து என்னன்னா இங்கிலீஷ்ல இந்தச் சொல்லு மொதல்ல மெஷினைக் குறிக்கவே இல்ல, 1590கள்ல புரொஜெக்டர்னா திட்டம் போடுற ஆளு, போகப்போக ஊரை ஏமாத்த திட்டம் போடுற பேர்வழின்னே அர்த்தமாயிருச்சு (சில கடையில நின்னு பேச்சைக் கேட்டா அந்தப் பழைய அர்த்தம் இன்னும் சாகலன்னு தெரியும்). படம் காட்டுற கருவிங்கற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில வந்ததுதான். கருவி அதுக்கு முன்னாலயே உண்டு, டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1659 வாக்குல செஞ்ச மாய விளக்கு இதோட பாட்டன்.

லேசர் வேற கதை. அது சொல்லே இல்ல, அஞ்சு வார்த்தையோட மொதல் எழுத்தை எடுத்துக் கோத்தது. தூண்டி விட்டு ஒளியைப் பெருக்குறதுன்னு சுருக்கமா பொருள். தூண்டுனா ஒளி வரும்ங்கற கணக்கை ஐன்ஸ்டீன் 1917லயே போட்டுட்டாரு, ஆனா 1960 மே மாசம்தான் அமெரிக்க விஞ்ஞானி மைமன் ஒரு ரூபி கல்லை வச்சு நெசமாவே எரிய விட்டாரு. தமிழ்ல இதுக்குச் சீரொளின்னு வச்சிருக்காங்க, வச்சவருக்கு ஒரு கும்பிடு. லேசரோட விசேஷமே அலை எல்லாம் ஒரே சீரா, கால் பிசகாம அணிவகுத்து வர்றதுதான, அதை மூணெழுத்துல சொல்லிருச்சு.

சரி, புரொஜெக்டருக்கு? கலைச்சொல் பட்டியல்ல தேடுனா ஒளிவீழ்த்தி, படவீழ்த்தின்னு வருது. காரணம் இல்லாம இல்ல, திரையில படம் விழுகுதுன்னு நாமளே சொல்றோம், விழ வைக்கிறது வீழ்த்தி. ஆனா காதுக்கு எப்படிக் கேக்குது? வீழ்த்துறதுன்னா விக்கெட்டை வீழ்த்துறது, எதிரியை வீழ்த்துறது. ஒளிவீழ்த்தின்னா என்னமோ ஒளியைப் போட்டுச் சாய்ச்ச மாதிரி இருக்கு.

இத யோசிச்சுக்கிட்டே அன்னைக்கு ராத்திரி பரோட்டா கடையில உக்காந்திருந்தேன். மாஸ்டர் ஒரு உருண்டையை எடுத்துத் தட்டி, எண்ணெய் மினுங்குற கல்லுல ஒரு ஓரத்தைப் பிடிச்சு வீசுறாரு, ஒவ்வொரு வீச்சுக்கும் மாவு அகலமாகுது, மெலிசாகுது, கடைசியில அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியிற அளவுக்கு வந்துருச்சு. வீச்சு பரோட்டா! லத்தீன்காரன் சொன்ன எறியிறது நம்மகிட்டயே இருக்குதேய்யா. வலையையும் வீசுறோம், அருவாளையும் வீசுறோம், காத்தும் வீசுது, அதே வாயால நிலா ஒளி வீசுதுன்னும் சொல்றோம். எறியிறதுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே வினை இருக்கும்போது வீழ்த்துவானேன்? படவீச்சின்னு சொன்னா என்ன கெட்டுப்போச்சு? பிசிக்ஸ் புஸ்தகத்துல வீச்சுங்கறது அலையோட உயரத்துக்கு எழுதிட்டாங்களேன்னு கேக்கலாம், கேளுங்க, இடத்தை வச்சுப் புரிஞ்சுக்குவாய்ங்க நம்மாளுக.

இந்தச் சொல்லுல ஒரு லாபமும் இருக்கு, வாங்கும்போது எதைப் பாக்கணும்னு அதுவே சொல்லிருது. எவ்வளவு தூரம் வீசுது? திரை மூலைக்கு மூலை 120 இஞ்ச்னா அகலம் கிட்டத்தட்ட 8 அடி 9 இஞ்ச் வரும், வீச்சு விகிதம் (த்ரோ ரேஷியோ) 1.4ன்னு போட்டிருந்தா அகலத்தை அதால பெருக்கிக்கணும், 12 அடி 2 இஞ்ச் தள்ளி மாட்டணும்.

எவ்வளவு வெளிச்சம் வீசுது? லூமன், அதுவும் லத்தீன்தான், ஒளின்னு அர்த்தம். 120 இஞ்ச் திரை சுமாரா 43 சதுர அடி. தியேட்டர்ல சதுர அடிக்கு 16 லூமன்ங்கறது பழைய அளவுகோல், பெருக்குனா 700 லூமன்கூட வரல. எச்டிஆர் படம் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கூடுதலா காட்டுற வகை) நல்லா தெரியணும்னா அதைப்போல ரெண்டு மடங்கு வேணும். அப்புறம் எதுக்கு பெட்டியில 2,500, 3,000ன்னு போடுறாய்ங்கன்னா, அது பச்சையடிச்ச மூஞ்சியோட தெரியிற பிரைட் மோடுல எடுத்த அளவு. ஒரு ஷோரூம்ல, பேரு வேணாம், நான் வெளிச்சத்தை அளக்குற லக்ஸ் மீட்டர் கொண்டு போனேன். வெள்ளைப் படத்தைப் போடச் சொல்லி திரைகிட்ட மீட்டரை லென்ஸ் பக்கம் திருப்பி ஒம்போது இடத்துல அளந்தா சராசரி 370 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 370 லூமன், திரை 4 சதுர மீட்டர், ஆக 1,480 லூமன். பெட்டியில 2,500. கேட்டா, "சார் மீட்டர்லாம் எதுக்கு, கண்ணால பாருங்க"ங்கறாரு.

ஆனா பெரிய சோதனை வெளிச்சம் இல்ல, இருட்டு. எந்தப் படவீச்சியாலயும் கருப்பை வீச முடியாது, வீசாம இருக்கத்தான் முடியும். அதுலதான் விலை ஏறுது. வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இன்ஃபினிட்டி கான்ட்ராஸ்ட்னு எழுதியிருப்பாய்ங்க, அது லேசரை மொத்தமா அணைச்சுட்டு எடுத்த கணக்கு. படம் முடிஞ்சு பேரு ஓடுற இடத்தைப் போட்டுப் பாருங்க, வெள்ளை எழுத்தைச் சுத்தி இருக்கற கருப்பு சாம்பலாகுதான்னு. ஜேவிசி, சோனியோட மேல்தட்டு மாடலுக்கு இந்த இடத்துலதான் மவுசு, பொடிப்பொடி கண்ணாடியை ஆட்டிப் படம் காட்டுற சாதா டிஎல்பி இங்கதான் திணறும். இதெல்லாம் பாத்து வாங்கிட்டு செவுத்துக்கு வெள்ளை டிஸ்டெம்பர் அடிச்சு வச்சீங்கன்னா எல்லாம் பாழ், வெளிச்சம் செவுத்துல பட்டு திரைக்கே திரும்பி வந்துரும்.

இப்ப சீரொளிக்கு வருவோம். கடையில லேசர்னு விக்கிற நெறைய மாடல்ல திரைக்கு வர்றது முழு லேசர் இல்ல. நீல லேசர் ஒண்ணு, அது மஞ்ச பாஸ்பரை, அதாவது ஒளி பட்டா தானும் ஒளிர்ற பூச்சை, அடிக்கும், அந்த மஞ்சள்ல இருந்துதான் சிவப்பும் பச்சையும் பிரிச்சு எடுப்பாய்ங்க. நீலம் மட்டுந்தான் லேசரா திரைக்கு வருது, மத்த ரெண்டும் சாதா ஒளிதான். முழுசா சீரொளின்னா சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தனித்தனி லேசர் இருக்கறது, நிறம் அள்ளிக் கொட்டும். ஆனா அந்தச் சீருதான் அதோட வினையும், அலை எல்லாம் ஒண்ணா வந்து சொரசொரப்பான திரையில பட்டு ஒண்ணோட ஒண்ணு மோதி மணல் தூவுன மாதிரி மினுமினுங்கும். மாமாவுக்கு ஒண்ணும் தெரியல, பெரியப்பா ரெண்டு நிமிசத்துல கண்டுபிடிச்சுட்டாரு. "என்னடா திரை பூரா சீனியைக் கொட்டி வச்சிருக்கு?"

அதனால நீல லேசர் மாடல்லயே ஒண்ணு பேசி முடிச்சாச்சு. ஆயுசு 20,000 மணி நேரம்ங்கறாய்ங்க, அது வெளிச்சம் பாதியா குறையுற கணக்கு, தினம் 3 மணி நேரம் ஓட்டுனாலும் 18 வருசம். குச்சி தள்ளுனவருக்கு இதை நம்பவே முடியல. நேத்து எலக்ட்ரீசியன் தம்பி ஒயர் இழுக்க வந்தப்ப மாமா, "வீச்சு பன்னெண்டு அடி ரெண்டு இஞ்ச் தம்பி"ன்னாரு. அவனும் மறுபேச்சு பேசாம டேப்பைப் பிடிச்சு அளந்து, சீலிங்ல பென்சிலால எழுதிட்டான்: வீச்சு 12-2.