கீபோர்டு வரலைன்னா போனை ரீசெட் பண்ணிடாதீங்க

போன வாரம் ஒரு டெய்லர் அக்கா கடைக்கு வந்தாங்க. கையில ஆண்ட்ராய்டு போன், ஆன் ஆகுது, ஆனா உள்ள போக முடியல, பழைய கூகுள் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் கேட்டுட்டு நிக்குது. என்னக்கா ஆச்சுன்னு கேட்டா, "ரெண்டு நாளா டைப் பண்ற கட்டமே வரல தம்பி, ஒரு கடையில குடுத்தேன், அழிச்சிட்டுப் போட்டா சரியாயிடும்னாங்க, சரின்னுட்டேன்"னு சொன்னாங்க. அந்த போன்ல நோட்ஸ்ல நூத்தம்பது கஸ்டமருக்கு மேல பிளவுஸ் அளவு எழுதி வச்சிருந்தாங்களாம், வாட்ஸ்அப்ல டிசைன் போட்டோ எல்லாம் இருந்துச்சாம், எதுக்கும் பேக்கப் கிடையாது. ரீசெட் பண்ணதுல எல்லாம் போச்சு. ஆண்ட்ராய்டு 5.1-லயே வந்த ஒரு பாதுகாப்பு இருக்கு, போனைத் திருடிட்டுப் போய் அழிச்சாலும் பழைய அக்கவுண்ட் இல்லாம திறக்காது, நல்ல விஷயம்தான், ஆனா இங்க பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லாத சொந்தக்காரங்களே வெளிய நிக்க வேண்டியதாப் போச்சு. அவங்க மகளோட நம்பர் ரெக்கவரிக்குக் குடுத்திருந்ததால ஒரு வழியா அக்கவுண்டைத் திறந்துட்டோம். அளவு எதுவும் திரும்பி வரல.

பதினாலு வருஷமா மொபைல் சர்வீஸ் பாக்குறேன். கீபோர்டு வரலைங்கிற ஒரே காரணத்துக்காக ரீசெட் பண்ணியே ஆகணும்னு எனக்கு வந்த போன்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். அதனாலதான் இதைக் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, கீபோர்டுங்கிறது வாட்ஸ்அப் மாதிரி, யூடியூப் மாதிரி ஒரு ஆப், அவ்வளவுதான். நிறைய போன்ல அது கூகுளோட ஜிபோர்டு, சாம்சங்னா அவங்க சொந்த கீபோர்டு. ஒரு ஆப் படுத்துச்சுன்னா அந்த ஆப்பைச் சரி பண்ணணும், அதுக்காக போனையே ஏன் அழிக்கணும்?

ஆனா அதுக்கு முன்னாடி, நிஜமாவே கீபோர்டுதான் பிரச்சனையான்னு பாக்கணும். நிறைய பேரு கீபோர்டு வேலை செய்யலன்னு கொண்டு வருவாங்க, வாங்கிப் பாத்தா கீபோர்டு நல்லாத் தெரியும், ஒரு ஓரத்துல இருக்கிற எழுத்து மட்டும் விழாது. இதுக்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு, வீட்லயே பண்ணலாம், போனைப் படுக்க வச்சுத் திருப்புங்க, ஆட்டோ ரொட்டேட் ஆன்ல இருக்கணும். திருப்பினதுக்கு அப்புறமும் அதே எழுத்துதான் விழலைன்னா சாஃப்ட்வேர் பக்கம் பாக்கலாம், முதல்ல விழாத எழுத்து இப்ப விழுந்து வேற எழுத்து விழாமப் போச்சுன்னா கண்ணாடியில அந்த இடத்துல டச் போயிடுச்சுன்னு அர்த்தம், ஏன்னா கீபோர்டு திரும்பும், கண்ணாடி திரும்பாது. இன்னொரு வழி, ஹோம் ஸ்கிரீன்ல ஒரு ஐகானை அழுத்திப் பிடிச்சு ஸ்கிரீன் முழுக்க மெதுவா இழுத்துப் பாருங்க, டச் செத்த இடம் வந்ததும் கையில இருந்து நழுவிடும். அப்படின்னா காம்போ, அதாவது டிஸ்ப்ளேவும் டச்சும் சேந்த செட்டு, மாத்தணும், அது காசு வேலைதான், ஆனா அதுக்கும் டேட்டாவை அழிக்க வேண்டியதில்ல. அதுக்கு முன்னாடி டெம்பர் கிளாஸைக் கழட்டிட்டு ஒரு தடவை பாத்துடுங்க, சார்ஜரைப் பிடுங்கிட்டும் பாருங்க, மட்டமான சார்ஜர் போட்டா டச் தானா ஆடுறதையும் எழுத்து தானா விழுறதையும் வாரம் ஒரு போன்லயாவது பாக்குறேன்.

அடுத்தது ப்ளூடூத். ஒரு மெடிக்கல் ஷாப் தம்பி வந்தான், கடையில இருக்கும்போது மட்டும் கீபோர்டு வரல, வீட்டுக்குப் போனா வந்துடுது, போன்ல பேய் புகுந்துடுச்சாண்ணேன்னு கேட்டான். விசாரிச்சா, ஸ்டாக் பாக்க ப்ளூடூத் பார்கோட் ஸ்கேனர் ஒண்ணு வாங்கி போன்ல கனெக்ட் பண்ணியிருக்கான். அந்த மாதிரி ஸ்கேனர் தன்னை ஒரு கீபோர்டுன்னு சொல்லித்தான் போன்ல சேரும், போனும் சரி நிஜ கீபோர்டே வந்துடுச்சே, ஸ்கிரீன்ல எதுக்கு இன்னொண்ணுன்னு மறைச்சிடும். செல்ஃபி ஸ்டிக்கோட வர்ற குட்டி ரிமோட்டும் இதே வேலையைப் பண்ணும். அதனால முதல் வேலையா ப்ளூடூத்தை ஆஃப் பண்ணிப் பாருங்க. ஸ்கேனரும் வேணும் கீபோர்டும் வேணும்னா, செட்டிங்ஸ்ல ஃபிசிக்கல் கீபோர்டுன்னு இருக்கிற இடத்துல ஆன் ஸ்கிரீன் கீபோர்டைக் காட்டச் சொல்லி ஒரு பட்டன் இருக்கும், ஆன் பண்ணிட்டா ரெண்டும் சேந்து ஓடும். ஐபோன்லயும் இதே கதைதான், அங்கயும் ப்ளூடூத் கீபோர்டு சேந்தா ஸ்கிரீன்ல இருக்கிறது ஒளிஞ்சிக்கும்.

இதெல்லாம் இல்லைன்னா ஆப் பக்கம் போவோம். போனை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க, பாதி கேஸ் அதுலயே முடிஞ்சிடும். (எழுத்தும் நம்பரும் கலந்த பாஸ்வேர்டை லாக்கா போட்டிருக்கிறவங்க மட்டும் கீழ எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.) அப்படியும் வரலைன்னா செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுல உங்க கீபோர்டு ஆப், ஃபோர்ஸ் ஸ்டாப், அப்புறம் ஸ்டோரேஜ்ல போய் கிளியர் கேச். இதனால எதுவும் போகாது, தைரியமா அழுத்தலாம். அதுக்குப் பக்கத்துலயே கிளியர் டேட்டான்னு இருக்கும், அதை அழுத்தினா போன்ல இருக்கிற போட்டோவோ மெசேஜோ போகாது, ஆனா கீபோர்டு உங்ககிட்ட இருந்து கத்துக்கிட்ட வார்த்தை, நீங்க சேத்த தமிழ் லேஅவுட், கிளிப்போர்டுல பின் பண்ணி வச்சது எல்லாம் போயிடும். பேங்க் அக்கவுண்ட் நம்பரை கிளிப்போர்டுல பின் பண்ணி வச்சிருக்கிற ஆளுங்க நிறைய பேரைப் பாத்திருக்கேன், அதை வேற இடத்துல எழுதிக்கிட்டு அழுத்துங்க. தமிழ் காணாமப் போச்சுன்னா பயப்பட வேண்டாம், கீபோர்டு செட்டிங்ஸ்ல லாங்குவேஜஸ்ல போய் திரும்பச் சேத்துக்கலாம், தமிழ்99-ஓ இங்கிலீஷ்ல அடிச்சா தமிழா வர்றதோ எது பழக்கமோ அதையே எடுத்துக்கோங்க.

கீபோர்டுக்குப் பதிலா வெறும் மைக் மட்டும் வருதுன்னா, எப்பவோ கை பட்டு வாய்ஸ் டைப்பிங் மெயின் கீபோர்டா மாறியிருக்கும். லாங்குவேஜஸ் அண்ட் இன்புட்ல, சாம்சங்னா ஜெனரல் மேனேஜ்மெண்ட்ல கீபோர்டு லிஸ்ட்டுன்னு இருக்கும், அங்க மாத்திடலாம். கீபோர்டு சின்னதாகி ஸ்கிரீன் நடுவுல மிதக்குதுன்னா அது ஃப்ளோட்டிங், கீழ இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சு அடிவரைக்கும் இழுத்து விட்டா ஒட்டிக்கும்.

இப்ப முக்கியமான ஒண்ணு, இடம். அந்த டெய்லர் அக்காவே சொன்னாங்க, "ஒரு வாரமா ஸ்டோரேஜ் ஃபுல்லு ஃபுல்லுன்னு காட்டிட்டே இருந்துச்சு தம்பி." எனக்கு அதுலயே பாதி புரிஞ்சிடுச்சு. போன்ல துளி இடம் இல்லைன்னா எந்த ஆப்பாலயும் தன்னோட சின்னச் சின்ன ஃபைலை எழுத முடியாது, திறந்த உடனே விழும், கீபோர்டை நாம நிமிஷத்துக்கு நிமிஷம் திறக்குறதால அது விழுறதுதான் நம்ம கண்ணுல முதல்ல படும். வாட்ஸ்அப்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா போய் மேனேஜ் ஸ்டோரேஜ்ல பாத்தா பெரிய வீடியோ எல்லாம் வரிசையா காட்டும், குட்மார்னிங் வீடியோவை எல்லாம் தூக்குங்க, கேலரியில ட்ராஷையும் காலி பண்ணுங்க, அழிச்சதும் அதுல உக்காந்து இடத்தைப் பிடிச்சிட்டுத்தான் இருக்கும். நான் எல்லாருக்கும் சொல்றது, எப்பவும் ஒரு மூணு ஜிபியாவது சும்மா கிடக்கட்டும்.

சில நேரம் தப்பு உங்க மேலயும் இல்ல உங்க போன் மேலயும் இல்ல, அப்டேட்ல வர்றது. 2021 மார்ச்ல, ஆப்புக்குள்ள வெப் பக்கத்தைக் காட்டுற ஆண்ட்ராய்டு வெப்வியூங்கிற ஒண்ணுல வந்த கோளாறுனால உலகம் பூரா போன்ல ஜிமெயில் மாதிரி ஆப்பெல்லாம் திறந்ததும் விழுந்துச்சு, அன்னைக்கு என் கடை வாசல்ல கூட்டம், வெப்வியூவையும் குரோமையும் ப்ளே ஸ்டோர்ல அப்டேட் பண்ணதும் எல்லாம் எழுந்துடுச்சு. அதுக்குள்ள அவசரப்பட்டு ரீசெட் போட்டவங்களும் இருந்தாங்க. அதனால அப்டேட் இருக்கான்னு பாருங்க, அப்டேட்டுக்கு அப்புறம்தான் பிரச்சனையே ஆரம்பிச்சுதுன்னா ஆப் இன்ஃபோல மூணு புள்ளியில அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் குடுத்துப் பாருங்க. கீபோர்டே இல்லாம ப்ளே ஸ்டோர்ல எப்படித் தேடுறதுன்னு கேப்பீங்க, தேடவே வேண்டாம், கீபோர்டோட ஆப் இன்ஃபோல கடைசியில ஆப் டீடெய்ல்ஸ்னு இருக்கும், தொட்டா நேரா அந்தப் பக்கத்துக்கே போகும். இல்லைன்னா அதே கூகுள் அக்கவுண்ட் இருக்கிற கம்ப்யூட்டர்ல ப்ளே ஸ்டோர் சைட்டைத் திறந்து இன்ஸ்டால் குடுத்தா போன்ல தானா இறங்கிடும்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பயம். கீபோர்டு வரலைன்ன பதட்டத்துல, யாரோ வாட்ஸ்அப்ல அனுப்புற ஏபிகேவையோ (ப்ளே ஸ்டோர் இல்லாம நேரா ஆப் போடுற ஃபைல்), கலர் கலரா தீம் வர்ற பேரே தெரியாத கீபோர்டையோ போட்டுடறாங்க. புது கீபோர்டை ஆன் பண்ணும்போது ஆண்ட்ராய்டே ஒரு எச்சரிக்கை காட்டும், நீங்க டைப் பண்ற எல்லாத்தையும், பாஸ்வேர்ட், கார்டு நம்பர் உட்பட, இது சேகரிக்க முடியும்னு. யாரும் படிக்கறதில்ல, ஓகே அழுத்திட்டுப் போயிடறாங்க. 2017 டிசம்பர்ல ஏஐ டைப்னு ஒரு கீபோர்டு கம்பெனியோட டேட்டாபேஸ் பாஸ்வேர்டே போடாம இன்டர்நெட்ல திறந்து கிடந்தது வெளிய வந்துச்சு, 577 ஜிபி, 3 கோடியே 10 லட்சம் பேரோட விவரம். அதுவாவது சின்னக் கம்பெனி. 2024 ஏப்ரல்ல டொரண்டோ யுனிவர்சிட்டியோட சிட்டிசன் லேப் சீன மொழி கீபோர்டுகளை ஆராய்ஞ்சு பாத்தாங்க, 9 கம்பெனியில 8 கம்பெனியோட ஆப்ல டைப் பண்றதை வழியில இருந்து படிக்கிற அளவுக்கு ஓட்டை இருந்துச்சு, எல்லாம் பெரிய பெரிய பேரு. கீபோர்டுங்கிறது அவ்வளவு நெருக்கமான ஆப், உங்க வீட்டுச் சண்டை, டாக்டர்கிட்ட கேட்ட சந்தேகம், ஆபீஸ் பாஸ்வேர்ட் எல்லாம் அது வழியாத்தான் போகுது. மாத்து கீபோர்டு வேணும்னா ப்ளே ஸ்டோர்ல ஜிபோர்டு, ஸ்விஃப்ட்கீ, தமிழுக்கு செல்லினம்னு பேரு தெரிஞ்சது இருக்கு, அதுல ஒண்ணு போதும்.

யுபிஐ பின் பத்தி ஒரு வார்த்தை. பின் கேக்குற அந்த நம்பர் பேட் உங்க கீபோர்டு இல்ல, அது யுபிஐயை நடத்துற என்பிசிஐ குடுக்குற தனிப் பக்கம், அதனாலதான் கீபோர்டு செத்துக் கிடந்தாலும் அது மட்டும் வரும். எப்பவாவது யுபிஐ பின்னை உங்க வழக்கமான கீபோர்டுலயே அடிக்கச் சொல்லி ஒரு பக்கம் வந்துச்சுன்னா அங்கயே நிறுத்துங்க, அது திருட்டுப் பக்கம். கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி போன் பண்ணி, அந்தப் பக்கம் இருக்கிறவன் ஸ்கிரீனைக் காட்டுற ஆப் போடச் சொன்னாலும் வச்சிடுங்க. காசு போயிடுச்சுன்னா யோசிச்சிட்டு உக்காராம உடனே சைபர் மோசடி புகார் நம்பரான 1930-க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது.

மேல சொன்ன லாக் விஷயம். நம்பர் பின், பேட்டர்ன் போட்டிருந்தா கவலையில்ல, அது லாக் ஸ்கிரீனோட சொந்தக் கட்டம். எழுத்தும் நம்பரும் கலந்த பாஸ்வேர்ட் போட்டவங்களுக்குத்தான் கீபோர்டு தேவை. ஆண்ட்ராய்டு 7-ல இருந்து, ரீஸ்டார்ட் ஆனதும் முதல் தடவை அன்லாக் பண்ற வரைக்கும் நிறைய ஆப் ஓடாது, வெளியில இருந்து போட்ட சில கீபோர்டும் ஓடாது. போன்ல வந்த கீபோர்டை டிசேபிள் பண்ணிட்டு அந்த மாதிரி ஒண்ணை மட்டும் வச்சிருந்தா, ரீஸ்டார்ட் பண்ணதும் பாஸ்வேர்ட் கட்டம் இருக்கும், அடிக்க கீபோர்டு இருக்காது, கைரேகையும் அப்ப எடுக்காது. அதனால போனோட வந்த கீபோர்டை எப்பவும் டிசேபிள் பண்ணாதீங்க. மாட்டிக்கிட்டீங்கன்னா கம்ப்யூட்டர் கீபோர்டு ஒண்ணை ஓடிஜி பின்ல (யூஎஸ்பி சாமானை போன்ல சேக்குற குட்டி கனெக்டர்) சொருகி பாஸ்வேர்ட் அடிக்கலாம், பெரும்பாலான போன்ல எடுக்கும், சில ஓப்போ, விவோ, ரியல்மீ போன்ல மட்டும் ஓடிஜியை முன்னாடியே செட்டிங்ஸ்ல ஆன் பண்ணியிருக்கணும்.

இவ்வளவு பண்ணியும் சரியாகலைன்னா கடைக்குக் கொண்டு போங்க, தப்பே இல்ல. ஆனா ரீசெட்டுன்னு ஒருத்தர் சொன்னா, போனைக் குடுக்கறதுக்கு முன்னாடி அங்கயே நின்னு ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, வாட்ஸ்அப்ல சாட்ஸ் போய் சாட் பேக்கப்ல பேக்கப் பட்டனை அழுத்துங்க, கூகுள் போட்டோஸ்லயும் எல்லாம் ஏறியிருக்கான்னு பாருங்க, நோட்ஸ் ஆப்ல இருக்கிறதை ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வீட்ல ஒருத்தருக்கு அனுப்பிடுங்க, இது எதுக்குமே கீபோர்டு தேவையில்ல, விரல் போதும். ரெண்டாவது, போன்ல எந்தக் கூகுள் அக்கவுண்ட் இருக்குன்னு பாத்து, அதோட பாஸ்வேர்டை வேற ஒரு போன்ல போட்டு உள்ள போகுதான்னு பாத்துக்கோங்க. அந்தப் பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லைன்னா, அது கிடைக்கிற வரைக்கும் போனை யார் கையிலயும் குடுக்காதீங்க.