சொத்தைப் பல்லிலிருந்து விழும் புழு

"பூச்சிப் பல்லுக்குக் கண்டங்கத்தரிப் புகை பிடித்தால் புழு உதிர்கிறது. கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பிறகு ஏன் பல் மருத்துவர்கள் புழுவே கிடையாது என்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தட்டுத் தண்ணீரில் வெள்ளையாக, வளைந்து நெளிந்து ஏதோ கிடப்பது உண்மைதான். பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. கிடப்பது என்ன என்பதில்தான் சிக்கல்.

செய்முறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். காய்ந்த கண்டங்கத்தரி விதையை நெய்யிலோ எண்ணெயிலோ பிசறித் தணலில் போடுவார்கள். மேலே எதையாவது கவிழ்த்து, ஒரு குழாய் வழியாகப் புகையை வாய்க்குள் விடுவார்கள். ஊறுகிற எச்சிலைத் தண்ணீரில் துப்பச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் புழு மிதக்கும். அதில் ஒன்றை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். தலை இல்லை, வாய் இல்லை, உடம்பில் வளையங்கள் இல்லை. ஒரு முனை மழுங்கியிருக்கும், மறுமுனை இரண்டாகப் பிளந்திருக்கும். மழுங்கியது முளைவேர். பிளந்தவை இரண்டு வித்திலைகள். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதே இருவித்திலைத் தாவரக் கரு. அவரை விதையில் கொழுத்திருக்கும் வித்திலைகள், கத்தரிக் குடும்பத்து விதைகளில் மெலிந்து நீண்டு, கருவோடு சேர்ந்து சுருண்டு கிடக்கும். சூட்டில் விதையுறை வெடித்ததும் அந்தக் கரு வெளியே தெறிக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் மிளகாய் விதையை ஒரு நாள் ஊறவைத்துத் தோலை மெதுவாக உரித்துப் பாருங்கள். அதுவும் அதே குடும்பம்தான். சுருண்ட "புழு" ஒன்று உள்ளே படுத்திருக்கும்.

யார் வாயையும் சம்பந்தப்படுத்தாமல், தணலில் விதையைப் போட்டுப் புகையைத் தண்ணீர்த் தட்டின் மேல் பிடித்தாலும் புழு விழும் என்பதுதான் இதற்கான எளிய சோதனை. ஐரோப்பாவிலும் இதே வித்தை நடந்தது. அங்கே ஹென்பேன் என்ற செடியின் விதை. அதுவும் கத்தரிக் குடும்பம்! 1757-இல் ஷெஃபர் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர், உதிர்வது புழு அல்ல, விதையின் கரு என்று எழுதி வைத்தார். பல் புழுவைச் சபிக்கும் மந்திரம் பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே இருக்கிறது. ஆக, இது நம் ஊர் மூடநம்பிக்கை மட்டுமல்ல. பல்வலி வந்த மனிதர்கள் எங்கெல்லாம் இருந்தார்களோ அங்கெல்லாம் இருந்தது. நினைவு தப்பிப் படுக்கையில் கிடப்பவர்களின் வாய்ப்புண்ணில் ஈ முட்டையிட்டு நிஜப் புழு வைப்பது உண்டு. அது மிக அரிது, பல் சொத்தைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

புழு இல்லையென்றால் ஓட்டை எப்படி விழுகிறது? அமிலத்தால். பல்லில் ஒட்டும் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. 1890-லேயே பெர்லினில் இருந்த மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதைச் சொல்லிவிட்டார். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதிதான் சுவையானது. அமிலம் பட்டவுடன் பல் கரைந்து ஓட்டையாகிவிடுவதில்லை. கரைந்தது திரும்ப வந்து ஒட்டுகிறது. தினமும், ஒவ்வொரு பல்லிலும், பல முறை.

பல்லின் மேலுறையான எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸி அபடைட் படிகங்கள். நம் எச்சில் இந்த இரண்டும் கரைந்து நிரம்பி வழிகிற திரவம். உப்பு தெவிட்டிய தண்ணீரில் உப்புக்கல்லைப் போட்டால் கரையாது இல்லையா, அதுபோல எச்சிலுக்குள் பல் கரைவதில்லை. சாப்பிட்டபின் படலத்தில் அமிலம் கூடும்போது, அது பாஸ்பேட்டையும், படிகத்தின் இன்னொரு கூறான ஹைட்ராக்சிலையும் பிடித்து வேறு வடிவமாக மாற்றிவிடுகிறது. தெவிட்டிய நிலை போய்விடுகிறது. உடனே பல் தன் தாதுவைக் கொடுத்து அந்தக் குறையை நிரப்ப ஆரம்பிக்கிறது. அந்த எல்லைக்கோடு, அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் (எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 5.5 அளவில் இருக்கிறது. நடுநிலையான 7-ஐ விட அது சுமார் 30 மடங்கு அமிலம்.

இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் படலத்தின் பி.எச். இந்தக் கோட்டுக்குக் கீழே விழுகிறது. எச்சில் அதைத் தூக்கி நிறுத்த அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். 1940-களில் ஸ்டீஃபன் என்பவர் இதை அளந்து வரைந்த கோடு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இந்தக் கோட்டை வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்று புரியும். மதியச் சாப்பாட்டோடு நாலு ஜாங்கிரி தின்பவருக்கு ஒரே ஒரு சரிவு. அதே சர்க்கரையைக் காலையிலிருந்து மாலை வரை ஆறு டீயிலும் நடுநடுவே பிஸ்கட்டிலும் பிரித்துக் கொடுத்தால் ஆறேழு சரிவு. பல்லுக்குக் கணக்கு எத்தனை கிராம் என்பதைவிட எத்தனை முறை என்பதில்தான். ஒரு பாட்டில் குளிர்பானத்தை மேசையில் வைத்து இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருப்பது அந்த வகையில் படுமோசம்.

இது நிரூபிக்கப்பட்ட விதம் கசப்பானது. ஸ்வீடனில் விபெஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளிகளுக்கு 1940-களின் பிற்பாதியில் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே ஒட்டும் டாஃபி கொடுத்துப் பல்லைச் சொத்தையாக்கிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1971-இல் பல் சொத்தை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, "சர்க்கரையைக் குறையுங்கள்" என்பதைத் தவிர மற்ற வழிகளையெல்லாம் ஆராய சர்க்கரைத் தொழில் எப்படி அழுத்தம் கொடுத்தது என்பது அவர்களுடைய ஆவணங்களிலிருந்தே 2015-இல் வெளியானது. பல் ஆராய்ச்சிக்கு அரசு பணம் தராவிட்டால் மிட்டாய் விற்பவர்தான் தருவார். நோயின் காரணத்தை விற்பவரிடம் தீர்வைக் கேட்டு என்ன பயன்?

இனி, ஓட்டை விழுவதற்கு முன்பே பல்லில் தெரியும் வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். சரிவுகள் கூடி, மீள்வதற்கு நேரம் போதாமல் போனால் எனாமல் தாதுவை இழக்கத் தொடங்குகிறது. ஆனால் மேற்பரப்பு முதலில் போவதில்லை! உள்ளே கரைந்த கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியே வரும் வழியில் மேற்பரப்பில் மறுபடி படிந்துவிடுகின்றன. அதனால் மேலே மெல்லிய ஓடு அப்படியே நிற்க, அடியில் மட்டும் நுண்துளைகள் பெருகுகின்றன. வெளியே நல்ல சுவர், உள்ளே கரையான் அரித்த மரம் மாதிரி.

இந்தத் துளைகளைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. வெள்ளை வேட்டி நனைந்தால் உடம்பு தெரியும், காய்ந்தால் மறைக்கும். காரணம், நூலிழைக்கும் அதன் இடுக்கில் இருப்பதற்கும் ஒளிவிலகல் எண் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு ஒளி சிதறும். எனாமலுக்கு அந்த எண் 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. எச்சிலில் நனைந்த பல்லின் நுண்துளைகளில் தண்ணீர் இருக்கிறது, வேறுபாடு சிறியது, பல் பளிச்சென்று ஆரோக்கியமாகத் தெரியும். மருத்துவர் காற்றை ஊதி ஐந்து விநாடி உலர்த்துகிறார். துளைக்குள் தண்ணீர் போய்க் காற்று வருகிறது. சிதறல் கூடி, சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டு எழுந்து வரும். உலர்த்தினால் மட்டும் தெரிந்தால் அரிப்பு எனாமலின் வெளிப்பாதியோடு நிற்கிறது என்று பொருள். ஈரத்திலேயே தெரிந்தால் ஆழமாகப் போய்விட்டது. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால் தாதுவில் மூன்றில் ஒரு பங்காவது போயிருக்க வேண்டும். அதைவிட முன்னால் சொல்லிவிடுகிறது இந்தக் காற்று. கூர்முனைக் கம்பியால் குத்திப் பார்க்கும் பழைய வழக்கம் குறைந்துவருவதும் இதனால்தான். குத்தினால் மேல் ஓடு உடையும். அது உடைந்தால் திரும்பி வராது.

ஓடு உடையாதவரை பல்லைத் திருப்பிக் கொண்டுவரலாம். ஃப்ளூரைடு வேலை செய்வது இங்கேதான். படிகம் மறுபடி வளரும்போது ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் ஃப்ளூரைடு உட்கார்ந்தால் கரையத் தொடங்கும் எல்லை 5.5-லிருந்து 4.5-க்கு இறங்குகிறது. பழைய பல்லைவிடக் கெட்டியான ஒட்டு. பேஸ்ட் உறையின் பின்புறம் பாருங்கள், 1000 பி.பி.எம். அளவில் ஃப்ளூரைடு இருந்தால் போதும். "மூலிகை" என்று பெரிதாக எழுதி, ஃப்ளூரைடு இல்லாததையே பெருமையாகச் சொல்லும் பேஸ்ட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்கள். மெல்லுவதால் எச்சில் ஊறும், நார் படலத்தைத் தேய்க்கும், அதுவரை சரி. ஆனால் குச்சி ஃப்ளூரைடு தராது, கடைவாய்ப் பற்களின் இடுக்குக்கும் போகாது. செங்கல் பொடியும் கரியும் எனாமலைச் சுரண்டுகின்றன.

தேய்த்தபின் துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள். ஒரு குவளைத் தண்ணீரில் கொப்பளித்தால் இப்போதுதான் தடவிய ஃப்ளூரைடு வாஷ்பேசினுக்குப் போய்விடும். மிருதுவான பிரஷ், ஈறும் பல்லும் சேரும் கோட்டை நோக்கி 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம். இரவுத் தேய்ப்பைத் தவறவிடக் கூடாது. தூக்கத்தில் எச்சில் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, சரிவைத் தூக்கி நிறுத்த ஆள் இல்லை. சர்க்கரை போட்ட பால் பாட்டிலோடு தூங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்கள் முதலில் போவதும், கீழ்வரிசை முன்பற்கள் தப்புவதும் இதே கணக்கு. கீழ்ப்பற்களை நாக்கு மூடியிருக்கிறது, எச்சில் சுரப்பியின் வாயும் அவற்றின் பக்கத்திலேயே திறக்கிறது. பெரியவர்களுக்கு அதே இடத்தில் காரை அதிகம் படிவதும் அந்த எச்சிலின் தாதுவால்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வாசகர்கள் முறைப்பார்கள். நியாயம்தான். அங்கே கிணற்று நீரில் ஃப்ளூரைடு மிஞ்சிப்போய் பல்லில் பழுப்புக் கறை பிடித்த தலைமுறைகள் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்தக் கறை விழுவது ஈறுக்குள் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுவரை, விழுங்கிய ஃப்ளூரைடால். வெளியே வந்துவிட்ட பல்லில் பேஸ்ட் தடவினால் அந்தக் கறை வராது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணி அளவு பேஸ்ட். கூடவே நின்று துப்ப வையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் கூடத்தான் செய்யும்.

ஓடு உடைந்தபின் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினுக்கு எல்லைக்கோடு 5.5-க்கும் மேலே, ஆகவே அது இன்னும் சீக்கிரம் கரைகிறது. அதில் நரம்பை நோக்கி நுண்குழாய்கள் ஓடுகின்றன. குளிர்ந்தது பட்டால் குழாய்க்குள் திரவம் அசைந்து கூச்சம் வரும். கூச்சம் சில விநாடியில் போய்விட்டால் அடைப்பதோடு முடியும். குளிர்ந்ததை எடுத்தபின்னும் அரை நிமிடத்துக்கு மேல் விண்விண்ணென்று தெறித்தால், படுத்தால் கூடி ராத்திரி எழுப்பினால், பல்லின் நடுவே நரம்போடு இருக்கும் மென்திசுவான கூழ் இனித் தேறாது. ரூட் கேனால்தான். கூழை எடுத்து, வேரின் குழியை மெல்லிய கம்பிகளால் செதுக்கி, ப்ளீச்சிங் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் ரப்பரால் அடைப்பார்கள் (பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் இதே பால்தான்). மேலே கேப். கேப் போடாமல் விட்ட கடைவாய்ப் பல் பெரும்பாலும் ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது பிளக்கும்.

வலித்த பல்லில் வலி ஒருநாள் தானாக நின்றுவிடுவதும் உண்டு. கூழ் செத்துவிட்டது, நரம்பு இல்லை, வலி இல்லை. புகை பிடித்த வாரத்தில் இது நடந்தால் புழு உதிர்ந்து குணமானது என்றுதான் தோன்றும். சில மாதம் கழித்து ஈறில் சீழ்க்கொப்புளமாக அது மறுபடி வரும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பகல் வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பிடியுங்கள். முன்பற்களை உலர்ந்த பஞ்சால் துடைத்துச் சில விநாடி காத்திருங்கள். ஈறை ஒட்டி, அதற்கு இணையாக மங்கலான சுண்ணாம்புக் கோடு தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷைத் தடவ ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஊசி இல்லை, துளைக்கும் கருவியும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சொத்தை வேகமாக வரும் குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தடவுவார்கள். ராத்திரிப் பால் பாட்டில் அதற்கு முன்பே நிற்க வேண்டும்.