வீவக வீட்டில் செடித் தொட்டியும் ஊறுகாய்ப் போத்தலும்: எதற்கு அனுமதி, எதற்கு வேண்டாம்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் காய்கறி வளர்க்க அனுமதி வாங்க வேண்டுமா? வீட்டுக்குள் என்றால் வேண்டாம். சமையலறை ஜன்னல் பக்கத்தில் நாலு தொட்டி வைத்து வெந்தயக் கீரை போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. வாசற்படியைத் தாண்டினால்தான் விதிகள் ஆரம்பிக்கின்றன. ஊறுகாயும் அப்படித்தான். உங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கும் வரை அது உங்கள் பாடு. அடுத்தவருக்கு விற்கும்போது சில கட்டுப்பாடுகள் வந்து சேரும்.

முதலில் வாசல். காரிடார் உங்கள் கதவுக்கு முன்னாலேயே இருந்தாலும் அது பொது இடம், நகர மன்றத்தின் பராமரிப்பில் இருப்பது. தீப்பிடித்தால் மொத்த மாடியும் இறங்கி ஓட வேண்டிய வழியும் அதுதான். அதனால் பொருள்களை வைத்த பிறகும் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அளவெடுக்கும்போது பலரும் தொட்டியின் விளிம்பிலிருந்து நாடாவைப் பிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால், கறிவேப்பிலைக் கிளை எதுவரை நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்து பிடியுங்கள். தூக்குப் படுக்கையில் ஆளைக் கொண்டுபோகிறவருக்குக் கிளையும் இடைஞ்சல்தான். எதிர்ப் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் காலணி அலமாரி இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய புளோக்குகள் சிலவற்றில் காரிடாரே குறுகலாக இருக்கும். அங்கே ஒரு வரிசைத் தொட்டிக்குக்கூட இடம் தேறாது. படிக்கட்டில் தொட்டி வைக்கும் எண்ணமே வேண்டாம்.

காரிடாரின் அரைச்சுவர் மேல் தொட்டி வைப்பது இன்னும் பெரிய தப்பு. ஏர்கான் வெளிப்பெட்டி நிற்கும் விளிம்பிலும் வைக்கக் கூடாது. ஒரு காற்றடித்தால் போதும், பத்தாவது மாடியிலிருந்து விழும் மண் தொட்டி ஆளைக் கொன்றுவிடும். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாக நடந்துகொண்டதாக நிரூபணமானால் தண்டனைச் சட்டத்தின் 336ஆம் பிரிவின்கீழ் 6 மாதம் வரை சிறை, 2,500 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வீட்டையே கையகப்படுத்தும் அதிகாரமும் வீவகவுக்கு உண்டு.

அப்புறம் கொசு. தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரிகள் வீட்டுக்கு வந்தால் அவர்கள் கண் முதலில் போவது தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுக்குத்தான். ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அளவுக்குத் தண்ணீர் தேங்கினாலே போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம். வீட்டில் புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் 200 வெள்ளியில் ஆரம்பிக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்தால் கூடும். தட்டை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தைத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். இறுகிப்போன மேல்மண்ணையும் கிளறிவிடுங்கள். மழைக்குப் பிறகு அதன்மேல் தண்ணீர் நிற்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. தட்டே இல்லாமல் வைத்தால் தலைவலி பாதி குறையும், ஆனால் ஒழுகும் சேற்றுத் தண்ணீருக்குக் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

எது வளரும் என்பது வெயிலைப் பொறுத்தது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகிறது. வடக்குப் பார்த்த காரிடாரில் ஜூன் வாக்கிலும், தெற்குப் பார்த்ததில் டிசம்பர் வாக்கிலும்தான் நேர் வெயில் கொஞ்சமாவது விழும். கிழக்கும் மேற்கும் அதிர்ஷ்டசாலிகள். ஆறு மணி நேர வெயில் கிடைத்தால் வெண்டை, கத்திரி, மிளகாய் போடலாம். நாலு மணி நேரம்தான் என்றால் கங்கோங் கீரை, பசலை, கற்பூரவல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் வெயிலே இல்லையா? தேசியப் பூங்காக் கழகத்தின் அலாட்மென்ட் தோட்டத் திட்டம் இருக்கிறது. ஹார்ட்பார்க், பொங்கோல் பூங்கா, பிடோக் டவுன் பார்க் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பூங்காக்களில் பாத்திகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு பாத்தி சுமார் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். இடுப்பை ரொம்ப வளைக்க வேண்டாத மாதிரி உயர்த்திக் கட்டி, மண் நிரப்பித் தருவார்கள். வாடகை ஆண்டுக்கு 57 வெள்ளி, 9% பொருள் சேவை வரி சேர்த்தால் 62 வெள்ளி 13 காசு. குத்தகை 3 ஆண்டு. புதுப் பாத்திகள் திறக்கும்போது கழகத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஆள் அதிகமானால் குலுக்கல். கேட்கிறவர்கள் எப்போதும் அதிகம்தான். உங்கள் வட்டாரத்துப் பூங்காவுக்கே எழுதிப் போடுங்கள். கிடைத்தால் போதும் என்று தீவின் மறுகோடியில் எடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை எம்ஆர்டி ரயில் ஏறிப் போய்த் தண்ணீர் ஊற்றினால் கீரை காய்ந்துதான் கிடக்கும்.

தனிப் பாத்தி கிடைக்காதவர்கள் புளோக் அடியில் இருக்கும் சமூகத் தோட்டத்தில் சேரலாம். 2005இல் தொடங்கிய திட்டம் அது. உங்கள் வட்டாரக் குடியிருப்பாளர் கட்டமைப்பில் (Residents' Network) விசாரித்தால் சேர்த்துக்கொள்வார்கள். செலவு குறைவு, அரசியல் கொஞ்சம் அதிகம். யார் பறித்தது என்ற பஞ்சாயத்து அவ்வப்போது நடக்கும். நகர மன்றத்திடம் கேட்காமல் புல்வெளியில் நீங்களாகவே முருங்கை நட்டால் ஒருநாள் வெட்டிவிட்டுப் போவார்கள், அதில் நியாயம் கேட்க முடியாது.

சரி, விளைந்ததைப் போத்தலில் அடைக்கும் பேச்சுக்கு வருவோம். சொந்த உபயோகத்துக்கு எந்த விதியும் தடுக்கவில்லை, ஆனால் அறிவியல் தடுக்கிறது. காற்றுப் புகாமல் மூடிய போத்தலுக்குள் புளிப்பு குறைவாக இருந்தால் போட்டுலினம் கிருமி நஞ்சை உண்டாக்கும். பிஎச் என்ற எண் ஏற ஏறப் புளிப்பு குறையும், அது 4.6க்கு மேல் போனால் ஆபத்து. வெண்டை, பீன்ஸ், காளான், கீரை எல்லாம் அந்தப் பக்கம்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அந்தச் சூட்டில் கிருமியின் வித்துகள் சாவதில்லை. அதற்கு 116 முதல் 121 டிகிரி வரை வேண்டும். நம் வீட்டுக் குக்கர் அதைத் தொடுமே என்பார்கள். போத்தலின் நடுப்பகுதி வரை அந்தச் சூடு தேவையான நேரம் நின்றதா என்று குக்கர் விசிலை வைத்துச் சொல்ல முடியாது. கெட்டுப்போனால் மணத்திலோ சுவையிலோ தெரியும் என்பதும் நிச்சயமில்லை. அதனால் வெண்டையையும் பீன்ஸையும் லேசாக வேகவைத்து ஃப்ரீசரில் போடுங்கள். 5% அமிலமுள்ள வினிகரில் ஊறும் மிளகாய், உப்பில் ஊறும் எலுமிச்சை, சர்க்கரை தூக்கலான அன்னாசி ஜாம் போத்தலுக்குச் சரிப்படும். தக்காளி நடுவில் நிற்கிற ஆள். அடைக்கும்போது லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கடை எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். பழத்தைப் பிழிந்தால் புளிப்பு ஒவ்வொன்றுக்கும் மாறும், அதனால்தான் கடைச் சாறு. எண்ணெயில் போட்ட பச்சைப் பூண்டு குளிர்சாதனப் பெட்டியில், அதுவும் சில நாளுக்குள் தீர வேண்டியது.

விற்கலாமா? சிறிய அளவில் விற்கலாம். வீட்டில் சமைத்து விற்கும் தொழிலுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. வீவகவிடமும் தனி அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள்தான் செய்ய வேண்டும், வெளியாளைச் சம்பளத்துக்கு வைக்கக் கூடாது, வாசலில் விளம்பரப் பலகை கூடாது, ஆலை அளவுக்குச் சாதனம் கூடாது, அண்டை வீட்டுக்குத் தொல்லையும் கூடாது. சாப்பிடுபவருக்கு நேரடியாகத்தான் விற்க வேண்டும். லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் உங்கள் மாவடு போத்தலை அடுக்க நினைத்தால் அது இந்தச் சலுகைக்குள் வராது, உரிமம் பெற்ற இடத்தில்தான் தயாரிக்க வேண்டும். உரிமம் இல்லாவிட்டாலும் உணவு விற்பனைச் சட்டம் உங்களையும் கட்டுப்படுத்தும். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் விசாரணை உங்கள் சமையலறைக்கே வரும். அடிப்படை உணவுப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றை முடித்துவைப்பது நல்லது.

இந்தியாவிலிருந்து டிபென்டன்ட் பாஸில், அதாவது இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் அனுமதியில், வந்திருப்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2021 மே 1 முதல் அந்த பாஸை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டுமானால் தனி வேலை அனுமதி பெற்றாக வேண்டும், தொழில் நடத்துவதற்கும் நிபந்தனைகள் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் ஊறுகாய் ஆர்டர் எடுக்கும் முன்பு மனிதவள அமைச்சின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள். உணவு அமைப்பின் உரிமம் வேண்டாம் என்பது அந்த அனுமதிக்கு ஈடாகாது.