அசிடோசிஸ்: மாட்டு வயிற்றில் புளிப்பு ஏறினால்

"மாட்டுக்கு அசிடோசிஸ் போல இருக்கு" என்று டாக்டர் சொன்னால், பலரும் அதை நமக்கு வருகிற அசிடிட்டி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. நமக்கு வருவது இரைப்பையே சுரக்கும் அமிலத்தால் வரும் தொல்லை. மாட்டின் முதல் வயிறான ரூமென் அமிலமே சுரப்பதில்லை. உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தீனியை நொதிக்க வைக்கும்போது உண்டாகும் அமிலம்தான் அங்கே இருப்பது. நம்முடையதைப் போல அமிலம் சுரக்கும் வயிறு மாட்டுக்கும் உண்டு, ஆனால் அது நாலாவது அறை.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ரூமென்' லத்தீன் சொல், தொண்டை, உணவுக்குழல் என்று பொருள். அசைபோடுவதைக் குறிக்கும் 'ரூமினேட்' அதே வேரிலிருந்து வந்தது. தமிழில் இதைப் பெருவயிறு, முதல் வயிறு, அசையூண் வயிறு என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது அசையூண் வயிறு, அது செய்யும் வேலை பேரிலேயே இருக்கிறது. 'அசிடோசிஸ்' என்பதில் முன்பாதி 'புளிப்பான' என்று பொருள்படும் லத்தீன் 'அசிடஸ்', பின்பாதி நோய்நிலையைக் காட்டும் கிரேக்க விகுதி. நம் 'அமிலம்' வடமொழி 'அம்ல'த்திலிருந்து வந்தது, அதற்கும் புளிப்பு என்றுதான் பொருள். தனித்தமிழ் விரும்புகிறவர்கள் அமிலத்தைக் 'காடி' என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் தொழுவத்தில் காடி என்றால் கழுநீர் ஊற்றி வைக்கும் தொட்டி அல்லவா ஞாபகம் வரும்!

அசிடோசிஸை 'அமிலத்தன்மை' என்றும் பலர் எழுதுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் நன்றாக இருக்கும் மாட்டின் அசையூண் வயிறும் லேசான அமிலத்தன்மை உடையதுதான், அதன் பி.எச். பெரும்பாலும் 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும். (பி.எச். அளவு 1909-இல் டென்மார்க்கின் சோரன்சென் கொண்டுவந்தது. எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்.) அமிலம் இருப்பது நோயில்லை, மிஞ்சுவதுதான் நோய். அதனால் 'அசையூண் வயிற்று அமிலமிகை' என்பதே சரியாகப் பொருந்தும்.

மிஞ்சுவது எப்படி? நார்த்தீனி தின்ற மாடு நிறைய அசைபோடும், அசைபோட்டால் உமிழ்நீர் ஊறும், ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேலேயே ஊறும், அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணித்துவிடும். வைக்கோலைக் குறைத்து மக்காச்சோள மாவையும் சோற்றையும் கொட்டினால், மாவுச்சத்து சீக்கிரம் நொதிக்கும், அசைபோடுவதோ குறையும், பி.எச். இறங்கும். ரொம்ப இறங்கினால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிவிடும். தோசைமாவைப் புளிக்க வைக்கிற அதே அமிலம். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பொங்கலை அள்ளி ஊட்டுவதால் படுத்துவிடும் மாடுகளின் கதை இதுதான். அது தீவிர வகை, பி.எச். 5-க்கும் கீழே போகும், உடனே மருத்துவர் வேண்டும்.

பால்பண்ணைகளில் அதிகம் தொல்லை தருவது இன்னொன்று, 'சப்-அக்யூட்', அதாவது தீவிரம் குறைந்த வகை. இதை 'மறை அமிலமிகை' எனலாம், ஏனென்றால் மாடு நின்றுகொண்டிருக்கும், பாலும் கறக்கும். பாலில் கொழுப்பு இறங்கும், சாணம் தளதளவென்று நுரையோடு, செரிக்காத தானியத்தோடு விழும், தீனி ஒரு நாள் எடுக்கும் மறுநாள் எடுக்காது, சில மாதம் கழித்துக் குளம்பு நோவு வரும். படுத்திருக்கும் மாடுகளைப் பாருங்கள்: பாதிக்கு மேல் அசைபோட வேண்டும். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் முஷ்டியை அழுத்தி வைத்தால், நல்ல வயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கையைத் தள்ளும்.

உறுதிப்படுத்த வயிற்றுநீரை எடுத்துப் பார்க்க வேண்டும். வாய்வழிக் குழாயில் எடுத்தால் உமிழ்நீர் கலந்து எண் கூடுதலாகக் காட்டிவிடும். அதனால் மருத்துவர்கள் இடது வயிற்றின் அடிப்பகுதியில் ஊசி போட்டு உறிஞ்சுவதும் உண்டு, அடர்தீவனம் (தானிய மாவு போன்றவை) தின்ற 2 முதல் 4 மணி நேரத்துக்குள். 12 மாடுகளில் 3 அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் பி.எச். 5.5-க்கோ அதற்குக் கீழோ இறங்கியிருந்தால் கோளாறு ஒரு மாட்டினுடையதில்லை, தீவன முறையினுடையது என்று கொள்வார்கள்.

அப்புறம், அசிடோசிஸை 'உப்புசம்' என்று மொழிபெயர்க்கிறவர்களும் உண்டு. உப்புசம் வாயு வெளியேறாமல் இடது பக்கம் வீங்குவது. அமிலமிகையோடு சேர்ந்தும் வரலாம், தனியாகவும் வரலாம்.