‘அணுகல் தீர்வு’ அல்ல, மேலொட்டு

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக ‘அணுகல் தீர்வு’ என்று படித்துவிட்டேன். ஓவர்லே என்பதற்குத் தமிழாம்.

ஓவர் என்றால் மேலே, லே என்றால் இடு. வரைபடத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித்தாளுக்கும் அதே பெயர்தான். இணையத்தில், தளத்தின் நிரலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, இனி மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையில்லை என்கிறார்களே, அதுதான் ஓவர்லே. ஓரத்தில் வட்டத்துக்குள் கைவிரித்து நிற்கும் மனித உருவம். தட்டினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும்.

இதில் தீர்வு எங்கே வந்தது? பசி தீர்ந்தது, கடன் தீர்ந்தது என்றால் அத்தோடு முடிந்தது என்று பொருள். பாதிக் கடன் அடைத்தவனைக் கடன் தீர்த்தவன் என்போமா? பார்வையற்ற நண்பர் ஒருவர் ஒரு மருத்துவமனைத் தளத்தில் முன்பதிவு செய்தபோது பக்கத்தில் இருந்தேன். அந்த வட்டம் அங்கேயும் இருந்தது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் அவருடைய என்விடிஏ திரைவாசிப்பான், கட்டத்துக்குக் கட்டம் “எடிட், பிளாங்க்” (நிரப்பும் கட்டம், காலி) என்றே சொன்னது. அங்கே கேட்பது பெயரா, தேதியா, தொலைபேசி எண்ணா? கட்டத்தின் மேலே எழுதியிருந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த எழுத்தையும் கட்டத்தையும் நிரலில் யாரும் இணைக்கவில்லை. கடைசியில் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். படங்களை விவரிப்பதும் அப்படித்தான். மேலிருந்து ஊகிக்கும் நிரல் ‘வெள்ளைக் கோட்டு அணிந்தவர்’ என்று வேண்டுமானால் சொல்லும். அவர் எந்தத் துறை மருத்துவர் என்பது தளத்தை எழுதியவருக்குத்தானே தெரியும்.

தன் ஓவர்லே எந்தத் தளத்தையும் டபிள்யூசிஏஜி எனும் உலகளாவிய இணைய அணுகல் நெறிகளுக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்த அக்செசிபி நிறுவனம், அந்த விளம்பரம் தவறானது என்ற புகாரில் 2025இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. விளம்பரக்காரரின் சொல்லை மொழிபெயர்ப்பாளர் அப்படியே வாங்கிக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சொல்யூஷன் என்று கண்டதும் கை தானாகத் ‘தீர்வு’ என்று எழுதிவிடுகிறது. புதுக்கடன் தருவதற்கே ‘கடன் தீர்வுகள்’ என்று பலகை வைக்கிறார்கள்.

சரி, ‘மேலடுக்கு’? அதில் பொய் இல்லை. ஆனால் அடுக்கு என்றதும் அடுக்குமாடி நினைவுக்கு வருகிறது. ஒவ்வோர் அடுக்கும் தன் பங்குக்குச் சுமை தாங்கும். இது எதையும் தாங்குவதில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் தளம் பழையபடியே கிடக்கும்.

அதனால்தான் மேலொட்டு என்கிறேன். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது எல்லாருக்கும் தெரியும். ஒட்டுமாவில் இரண்டும் ஒன்றாக வளர்ந்துவிடுமே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இது உள்ளே சேர்வதில்லை என்பதற்காகத்தான் முன்னால் ‘மேல்’ வைத்தேன்.