பழைய கேமிங் சிஸ்டத்தில் காசைப் போடுவதற்கு முன்

"அண்ணா, கையில 15,000 இருக்கு, என்ன கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" சர்வீஸ் கடை வைத்திருப்பவன் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. என்ன சிஸ்டம் தம்பி என்று திருப்பிக் கேட்டால், வரும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி டிடிஆர்3 ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1 டிபி ஹார்ட் டிஸ்க். அண்ணனோ மாமாவோ 2016, 2017 வாக்கில் அசெம்பிள் பண்ணியது, இப்போது இவன் கைக்கு வந்திருக்கும். கார்டை விற்றால் எனக்கு லாபம்தான், ஆனாலும் அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் ரெண்டு மாதம் கழித்து "எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) ஏறவே இல்லண்ணா" என்று அதே கார்டைத் தூக்கிக்கொண்டு அதே பையன்தான் வந்து நிற்பான்.

முதலில் காசு செலவில்லாத விஷயங்கள். கேபினட்டைத் திறந்து தூசியை ஊதி எடுங்கள், ப்ராசசர் மேல் இருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கட்டியாகிவிட்டதா பாருங்கள். நம்மூர் மே மாத வெயிலில், மூடிய அறையில், சூடு 95 டிகிரியைத் தாண்டினால் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேஸ்ட் மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். கார்டு போட்டும் மானிட்டர் வயரை அதில் செருகாமல் மதர்போர்டில் உள்ள போர்ட்டிலேயே செருகி வைத்திருப்பவர்கள் உண்டு, சிரிக்காதீர்கள், நிறையப் பேர். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸில் 60லேயே விட்டிருப்பவர்களும் உண்டு. 8 ஜிபி ஒற்றை ராம் ஸ்டிக்கில் ஓடுகிறது என்றால் இன்னொரு ஸ்லாட் காலியாகக் கிடக்கிறது என்று அர்த்தம், ரெண்டு ஸ்டிக் போட்டால் டூயல் சேனலில், அதாவது ரெண்டு பாதையில் ஓடி, ப்ராசசர் திணறுகிற கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் அளந்து பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், அதனுடன் வரும் ரிவாட்யூனரைப் போட்டால் விளையாடும்போதே திரை மூலையில் எல்லா எண்களும் தெரியும். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் கார்டுதான் தன் முழு பலத்தில் ஓடுகிறது, அங்கே புதுக் கார்டு போட்டால் பலன் உண்டு. கார்டு 60 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்க, ப்ராசசரின் கோர்களில் ஒன்றோ எல்லாமோ 100ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் எவ்வளவு விலையுள்ள கார்டைப் போட்டாலும் அது 60லிருந்து 40க்கு இறங்கி இன்னும் நிம்மதியாக உட்காரும், அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரில் மொத்தமாக ஒரு சதவீதத்தைப் பார்த்து "சிபியூ பாதிதானே ஓடுது" என்று முடிவு கட்டக்கூடாது, ஒவ்வொரு கோரையும் தனியாகப் பார்க்க வேண்டும். எண்கள் குழப்பினால் எளிய வழி ஒன்று இருக்கிறது: ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்குக் குறைத்துப் பாருங்கள், எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டு பிரச்சினை, அசையவே இல்லை என்றால் ப்ராசசர் பிரச்சினை. எஃப்பிஎஸ் நன்றாக இருந்து நடுநடுவே மட்டும் திக்கித் திக்கி நிற்கிறது என்றால் ராம் நிரம்புகிறதா, ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டி (வேகமான, சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) கேட்கிற கேமை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டுக் கார்டைத் திட்டிப் பயனில்லை.

சரி, எது இழுத்துப் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்கு உடனே காசு போடலாமா? இங்கேதான் என் அளவுகோல் ஒன்று இருக்கிறது: இன்று வாங்கும் பாகம் நாளை வாங்கப்போகும் சிஸ்டத்துக்குக் கூடவே வருமா? எஸ்எஸ்டி வரும். நல்ல எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் தரும் பெட்டி) வரும். கிராபிக்ஸ் கார்டு வரும், மானிட்டர் வரும். டிடிஆர்3 ராம் வராது, நான்காம் தலைமுறை ஐ7 வராது, அந்தப் பழைய போர்டு செத்துப்போய் அதற்கு மாற்றாக வாங்கும் செகண்ட் ஹேண்ட் போர்டும் வராது. வராத பாகத்துக்குக் காசு கொடுப்பதென்றால் மிகக் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும். கையில் உள்ள ஐ5 4570ஐக் கொடுத்துக் கொஞ்சம் மேல்காசு போட்டு ஐ7 4770 கிடைக்கிறதா, அதே போர்டில் உட்காரும், 4 த்ரெட் 8 ஆகும், திணறல் குறையும், வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அந்த போர்டில் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை வைத்திருப்பவர்கள் பாவம். எட்டாம் தலைமுறையும் அதே 1151 சாக்கெட் என்றுதான் பெயர், ஆனால் இவர்களிடம் இருக்கும் 100, 200 வரிசை போர்டில் அது ஓடாது, இது தெரியாமல் ஐ5 8400ஐ மட்டும் வாங்கி வந்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

அதிர்ஷ்டசாலிகள் 2018 வாக்கில் இன்டெல்லை விட்டு ஏஎம்டி ப்ராசசர் பக்கம் போனவர்கள். ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 1600, 2600 என்று ஆரம்பித்தவர்கள் பி450 போர்டை மாற்றாமலே பயோஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மட்டும் செய்து ரைசன் 5 5600 போட்டுக்கொள்ளலாம், கையில் இருக்கும் டிடிஆர்4 ராம் அப்படியே ஓடும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் ராமை அள்ளிக்கொண்டு போனதில் டிடிஆர்5, டிடிஆர்4 ரெண்டின் விலையும் எகிறிவிட்ட நிலையில், ஏற்கெனவே கையில் 16 ஜிபி டிடிஆர்4 இருப்பதே ஒரு சொத்து. ஆனால் பழைய ப்ராசசரைக் கழற்றும் முன்பே பயோஸ் அப்டேட்டை முடித்துவிட வேண்டும், அதுவும் யூபிஎஸ்ஸில் வைத்து. நடுவில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள், இதுவரை 2200ஜியில் தனிக் கார்டு இல்லாமல் ஓட்டியவருக்குத் திரையில் ஒன்றுமே வராது.

விண்டோஸ் விஷயத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து, ரைசனில் 2000 வரிசையிலிருந்துதான் பட்டியலில் இருக்கிறது. குறுக்கு வழியில் போட்டுவிடலாம், நானே கேட்பவர்களுக்குப் போட்டுத் தந்திருக்கிறேன், ஆனால் வாலரன்ட் கேம் விளையாடுகிறவராக இருந்தால் விண்டோஸ் 11இல் டிபிஎம்மும், நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டும் இல்லாமல் அது உள்ளேயே விடாது. பேட்டில்ஃபீல்டு 6க்கும் செக்யூர் பூட் கட்டாயம். புது போர்டாக இருந்தும் இந்தப் பிழை வருகிறது என்றால் பயோஸில் அணைந்து கிடக்கும், ஆன் செய்தால் போதும், அதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். ஆகவே 2026இல் செகண்ட் ஹேண்டில் 1060, 1070 வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், விலை எவ்வளவு ஆசை காட்டினாலும்.

கார்டு வாங்குவது என்று முடிவாகிவிட்டால் அதற்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த பெட்டியில் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள், அதை விட்டுவிட்டு 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்கினால் 192 வாட், உங்களுக்கு உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், ஐ5 4570க்கு 84 வாட், ரெண்டுமே 216 ஆகிவிட்டது, விசிறி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் தனி. கார்டுக்குக் கரண்ட் தரும் 8 பின் வயர் இல்லை என்று, பழைய டிஸ்க் வயரிலிருந்து எடுக்கும் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் மாட்டித் தருவார்கள், அந்த கனெக்டர் உருகி ஒட்டிப்போய் வந்த கார்டுகளை நான் கழற்றியிருக்கிறேன். பட்ஜெட்டில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இடமில்லை என்றால் கார்டுக்கும் இடமில்லை என்றுதான் கொள்ள வேண்டும், அல்லது 75 வாட்டுக்குள் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாதிரியான கார்டோடு நிற்க வேண்டும். வீட்டில் உள்ள 600 விஏ யூபிஎஸ் புதிதிலேயே சுமார் 360 வாட்தான் தாங்கும், பேட்டரிக்கு மூன்று வயதாகியிருந்தால் கரண்ட் போன நொடியே சிஸ்டமும் சேர்ந்து அணையும், அதற்குப் புதுக் கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொரு பொறி, விலை குறைந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. அதற்கு போர்டோடு தரவு போய்வர வெறும் 4 பிசிஐ லேன்தான் (பாதை), பழைய போர்டில் பிசிஐ 3.0 வேகத்தில் மாட்டும்போது 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் தடாலென்று விழும். ஆர்எக்ஸ் 6600க்கு 8 லேன், பழைய போர்டிலும் பெரிய இழப்பில்லை. இது டப்பாவில் கண்ணில் படுகிற மாதிரி எழுதியிருக்காது.

செகண்ட் ஹேண்ட் சந்தை பற்றித் தனியாகவே எழுதலாம், இப்போதைக்குச் சுருக்கமாக. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஃபேஸ்புக்கில் பார்த்து வாங்கினாலும் கார்டை ஓட்டிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள். ஜிபியூ-இசட் என்ற சின்ன சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள், பழைய ஜிடிஎஸ் 450க்கு பயோஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகளை அது காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580இல் ஷேடர் (கார்டுக்குள் இருக்கும் கணக்குப் போடும் அலகு) எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும், 2048 என்று வந்தால் அது குறைத்துச் செய்த வேறு கார்டு, விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் நின்றபோது சந்தைக்கு வந்து கொட்டிய கார்டுகள் இன்னும் கை மாறிக்கொண்டேதான் இருக்கின்றன, கால் மணி நேரம் முழு லோடில் ஓட்டி, சூடும் திரையில் புள்ளி கோடுகளும் பார்த்துவிட்டு வாங்கலாம். சர்வர்களுக்கான பழைய ஜியான் ப்ராசசர், எக்ஸ்99 சீன போர்டு, 16 ஜிபி ராம் என்று மலிவாக வரும் காம்போவில் கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், ஒற்றைக் கோர் வேகம் குறைவு, வாரண்டியும் கிடையாது. எச்61 போர்டில் மூன்றாம் தலைமுறை ஐ5 போட்டு, ஆர்ஜிபி விசிறி நாலு மாட்டி "கேமிங் பிசி" என்று விற்பது இன்னும் மோசம், அந்தத் தலைமுறையில் ஏவிஎக்ஸ்2 என்ற ப்ராசசர் கட்டளைத் தொகுப்பு கிடையாது, அதைக் கேட்கும் புதுக் கேம்கள் திறக்கவே திறக்காது.

சில பேரிடம் எதுவும் வாங்காதீர்கள் என்றே சொல்லி அனுப்புகிறேன். ஜிடிஏ 6க்காக இப்போதே தயாராகிறேன் என்று வந்தவனிடம், ராக்ஸ்டார் அறிவித்தது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும்தான், அதற்காக இப்போது கார்டு வாங்காதே என்றேன். பிளஸ் டூ முடித்துவிட்டு ஜூலையில் ஹாஸ்டலுக்குப் போகப்போகும் பையனுக்கு டெஸ்க்டாப்பில் காசு போடுவது வீண், எப்படியும் லேப்டாப் கேட்பான், ரெண்டு செலவும் அப்பா தலையில்தான் விழும். அந்தப் பழைய சிஸ்டத்துக்கு ஒரு எஸ்எஸ்டி மட்டும் போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றிக்கொடுத்தால் வீட்டில் பில் கட்டவும் யூடியூப் பார்க்கவும் இன்னும் சில வருடம் ஓடும். விற்பதென்றால் முழுசாக விற்காமல் கார்டைத் தனியாக விற்றுப் பாருங்கள், சேர்த்துக் கேட்கும் விலையைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கொடுக்காதீர்கள், ஃபார்மட் அடித்தாலும் உள்ளே இருந்த ஆதார் ஸ்கேனையும் குடும்பப் படங்களையும் மீட்டு எடுப்பது இன்று பெரிய வேலையே இல்லை.