பஸ்ஸை வாங்கினால் பெர்மிட்டும் வந்துவிடாது

பஸ் விற்பனைக் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து இப்போது கோபமே வருகிறது. கடைசியாக வந்தவர் பருத்தித்துறைப் பக்கத்தில் மினிபஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸையும் 'ரூட்'டையும் சேர்த்து விலை பேசி, முழுக் காசையும் கொடுத்து, அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி) ஒன்று எழுதி வாங்கியிருக்கிறார். விற்றவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் கனடாவில். கோப்புக்குள் இருந்தது லமினேட் செய்த பெர்மிட், அதாவது வழித்தட அனுமதிப் பத்திரத்தின் பிரதி. அதில் இறந்தவரின் பெயர். "பெர்மிட் என்ர கையிலதானே ஐயா கிடக்கு" என்கிறார்.

கையில் கிடக்கிறது, சரி. பெயர் யாருடையது?

காணியை உறுதி எழுதி விற்பதுபோல் பெர்மிட்டையும் விற்கலாம் என்றே நம் ஆட்கள் நினைக்கிறார்கள். பெர்மிட் என்பது இன்ன ஆள், இன்ன பஸ்ஸை, இன்ன வழித்தடத்தில் ஓட்டலாம் என்று அரசு கொடுக்கும் அனுமதி. பஸ்ஸின் உரிமையை மாற்றுவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேலை. பெர்மிட் வேறு இடத்து விஷயம். கொழும்பு ஓட்டம் போல மாகாணம் தாண்டினால், 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. மாகாணத்துக்குள் ஓடினால் வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. பஸ்ஸின் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறியதால் பெர்மிட்டிலும் ஏறிவிடாது.

அற்றோணித் தத்துவத்தால் பெர்மிட் கைமாறவே மாறாது. இன்னொருவருக்காகச் செயற்படும் அதிகாரம் மட்டுமே அது. அதை எழுதிக் கொடுத்தவர் கண்ணை மூடினால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியும், "எல்லாரும் இப்பிடித்தானே செய்யினம்" என்பதுதான் பதில்.

இது இரண்டு பேருக்கிடையிலான கொடுக்கல் வாங்கல் மட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. பெர்மிட்டோடு நேர அட்டவணையும் வருகிறது. ஆளில்லை என்று கடைசி பஸ்ஸை நிறுத்தினால், ரியூஷன் முடிந்து தரிப்பிடத்தில் நிற்கும் பிள்ளை யாரிடம் முறையிடும்? பதிவில் இருக்கும் பெயர்காரர் உயிரோடேயே இல்லை. ஓட்டுகிறவர் பதிவிலேயே இல்லை. அதனால்தான் கைமாற்றம் அதிகாரிகளின் கண்முன் நடக்க வேண்டும் என்கிறேன். அவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: என்ன ஆவணம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்பதைத் தமிழில் தெளிவாக எழுதி வாசலிலேயே ஒட்டுங்கள். அது தெரியாததால்தான் சனம் தரகரிடம் போகிறது.

வாங்குகிறவர்களே, முற்பணம் கொடுக்குமுன் பெர்மிட்டை வழங்கிய அலுவலகத்துக்கு விற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதை மாற்ற அனுமதி உண்டா, புதுப்பித்திருக்கிறதா, நிலுவை ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அதில் உள்ள பஸ் இலக்கமும் நீங்கள் வாங்கும் பஸ்ஸின் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். லீசிங் இருந்தால் அந்த நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். உங்கள் பெயருக்கு அனுமதி வரும்வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

பெர்மிட்காரர் இறந்துவிட்டால், குடும்பத்தார் மரணச் சான்றிதழுடன் உடனே அலுவலகத்துக்குப் போக வேண்டும். பழைய பெயரிலேயே ஓட விடாதீர்கள். விற்றுவிட்டு வெளிநாடு போகிறவர்களும் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டே விமானம் ஏறுங்கள். நாளை அந்த பஸ் விபத்தில் சிக்கினால் பெர்மிட்டில் இருக்கும் பெயரையும் பொலிஸ் தேடி வரலாம்.